இரைச்சல்

நவம்பர். தம்பெரேயில் மூன்று மணிக்கே இருட்டு.
பழைய பருத்தி ஆலையின் மாடியில்
இர்மெலி ஆடுகிறாள்,
உடம்பெல்லாம் முப்பத்தொன்பது வெள்ளைப் பொட்டுகள்
(ஒட்டியது நான்).
திரையில் கோடுகளாலான இன்னொருத்தி,
அரை நொடி பிந்தி.

"தாமதத்தைக் குறைத்துவிடலாம்" என்கிறான் ரைமோ
விசைப்பலகையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"வேண்டாம். அந்த அரை நொடிதான்
அவள் என்னைப் பார்க்கும் நேரம்."

இடதுகாலில் நின்று திரும்பினால்
இவளுக்கு முழங்கால் நடுங்கும்.
போன வருட அறுவைச் சிகிச்சை.
திரையில் இருப்பவளோ
ஆடை எடுத்த பால்போல்
வழவழவென்று திரும்புகிறாள்.

"அது வெறும் இரைச்சல்.
வடிகட்டிவிட்டேன்."

இர்மெலி தரையில் உட்கார்ந்தாள்.
காலுறையை உருவித் தழும்பைச் சொறிந்தாள்.
வடிகட்டியை எடு என்றாள்.

ஒரே ஒரு வரி. அழித்தான்.

மறுபடி அதே திருப்பம்.
கோட்டுக்காரியின் முழங்காலும் உதறியது;
உதறிய வேகத்தில் ஒரு கோடு பிய்ந்து
திரையின் மேல்மூலைக்குப் பறந்தது.
அப்படியொரு கட்டளையை எழுதவேயில்லை என்று
ரைமோ இன்றும் சத்தியம் செய்கிறான்.

இர்மெலி அதைப் பார்த்தாள்.
பிறகு கையை
அந்த மூலை நோக்கி வீசினாள்.

இப்போது தாமதம்
இவள் பக்கம்.