சாவியை எடு, போகாதே

நகர மன்றக் கடிதம் வந்த அன்று
கச்சாங் மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தது,
நான்கு காலும் கூரையைப் பார்க்க,
ஊரிலேயே பெரிய சாது போல.

காலை ஏழே முக்கால் முதல்
மாலை ஐந்தே கால் வரை
ஓயாத ஊளை, என்று எழுதியிருந்தது.
நான் கிளம்பும் நேரம். நான் திரும்பும் நேரம்.
என் வேலையிடத்தில்கூட
இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பதில்லை.

யுகேந்திரன் தேசிய சேவைக்குப் போன வாரம் தொடங்கியது.
தெக்கோங் படகில் ஏறும்போது அவன் தலையில் முடி இருந்தது.
இரண்டு வாரம் கழித்து வந்தவனின் மொட்டைத் தலையைக்
கச்சாங் முகர்ந்தது, முகர்ந்தது,
நம்புவதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது.
ஞாயிறு இரவு மறுபடி போனான்.
அன்று கதவின் அடிப்பக்கத்தைச் சுரண்டியதில்
இரண்டு நகம் பெயர்ந்தது.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கை நெருங்கும்போது
இலகு ரயிலின் சன்னல்கள் தாமாகவே வெளுத்துவிடும்.
அடுத்தவர் வீட்டுக்குள் பார்வை போகக் கூடாதாம்.
காதுக்கு அப்படி எதுவும் செய்து வைக்கவில்லை.
ஒவ்வொரு மாலையும் அந்த வெள்ளைக் கண்ணாடிக்குப் பின்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்,
வேறு யாருடைய நாயோ என்பதுபோல.

மிஸ் டெஸ்கர் வந்தார்.
ஒன்றரை மணி நேரத்துக்கு நூற்றெண்பது வெள்ளி.
மீன் கடையில் ஐம்பது காசுக்கு வாதாடுகிறவள்
வாய் திறக்காமல் எடுத்து வைத்தேன்.
அவர் நாயைத் தொடவில்லை, கூப்பிடவில்லை.
முகத்தைத் திருப்பித் தரையில் உட்கார்ந்தார்.
அலமாரியில் பழைய கைபேசியை ஒளித்து
நான் எடுத்திருந்த காணொளியைக் கேட்டார்.
"நாய் இருக்கட்டும். முதலில் உங்களைப் பார்ப்போம்."

பார்த்தோம்.
நான் போகிறேன். அடுப்பைப் பார்க்கத் திரும்பி வருகிறேன்.
போகிறேன். இரும்புக் கதவின் பூட்டை
மூன்று முறை இழுத்துப் பார்க்கிறேன்.
கம்பிக்கு வெளியிலிருந்து சொல்கிறேன்:
அம்மா வந்துடுவேன். அம்மா வந்துடுவேன்டா.
அம்மா கண்டிப்பா வந்துடுவேன்.
"இத்தனை தடவை சொன்னால்
எனக்கே சந்தேகம் வரும்" என்றார்.

பிறகு விலங்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை.
பெயரைப் படித்ததும் சிரிப்பு வந்தது.
பலதுறை மருந்தகத்தில் மனிதர்களுக்கு
அதையேதான் தினமும் எண்ணிக் கொடுக்கிறேன்.
பலன் தெரிய நாலு வாரமாகும், பாதியில் நிறுத்தாதீங்க,
பழக்க தோஷத்தில் கச்சாங்கிடமும் சொன்னேன்.
அது சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு
மாத்திரையை மட்டும் சுத்தமாக
என் செருப்பின் மேல் துப்பியது.

வீட்டுப்பாடம் இதுதான்:
சாவியை எடு, போகாதே.
பையை மாட்டு, உட்கார்ந்து நாளிதழ் படி.
காலணி போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கு.
ஒரு மாலைக்கு முப்பது முறை,
சாவிச் சத்தம் வெறும் சத்தமாகும் வரை.
எதிர்வீட்டு ருக்கியா கம்பி வழியே பார்த்துவிட்டு
"போகிறாயா, இல்லையா?" என்றார்.
ஒத்திகை என்றேன்.
கடிதம் எழுதியவர் அவராகவும் இருக்கலாம்.
கேட்கவில்லை.

முதல் வாரம் நாற்பது விநாடி.
அப்புறம் இரண்டு நிமிடம். மீண்டும் நாற்பது விநாடி.
இடி இடித்த வியாழக்கிழமை பூஜ்யம்.
நேற்று கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்து
கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்:
கதவை முறைத்தது. கொட்டாவி விட்டது.
யுகாவின் கிழிந்த காற்பந்துக் காலணியில்
தாடையை வைத்தது.
பதினோரு நிமிடம்.
பக்கத்தில் சதுரங்கம் ஆடிய இருவர்
நான் கைதட்டியதற்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று ஞாயிறு.
யுகேந்திரன் பையைத் தோளில் போட்டான், உட்கார்ந்தான்.
எழுந்தான், சாவியை ஆட்டினான், உட்கார்ந்தான்.
மிஸ் டெஸ்கர் சொன்னபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.
மூன்றாம் முறை எழுந்தவன், பேசாமல், போனான்.
கச்சாங் ஒரு காதை மட்டும் திருப்பியது.
மின்தூக்கி வரை ஓடியது நான்தான்,
காலில் செருப்புகூட இல்லாமல்.