ஜூன் கணக்கு

சிலோவே தீவுகளில் சூரியன் வடக்குப் பக்கம்.
ஜூன் வந்தால் அங்கேயும் நிற்பதில்லை,
கடன் வாங்கியவன் மாதிரி
வேலிக்கு மேல் தலையைக் காட்டிவிட்டு நழுவும்.

படகுத்துறைச் சரிவில் ஒரு கம்பம்.
மேலே நூற்றைம்பது வாட் தகடு,
கீழே பெட்டிக்குள் செத்துப்போன பேட்டரி.
மூடியின் உட்புறம், பிளாஸ்டிக் உறையில்,
கடைக்காரன் எழுதிய சீட்டு இன்னும் இருந்தது:
வெயில் நாளுக்கு மூன்றரை மணி,
இரவு பன்னிரண்டு மணி,
விளக்கு இருபது வாட்.
வருஷத்தையே ஒரு பானையில் கொட்டிக் கலக்கிய கணக்கு.
ஜனவரியின் கொழுப்பு ஜூனின் எலும்பில் ஒட்டாது.

சராசரி நாளில் யாரும் வழுக்கி விழுவதில்லை.
நோல்ஃபா சிகுவாய் விழுந்தது ஜூன் பதினேழு,
அதிகாலை மூன்றேகால், பாசி பிடித்த நான்காம் படி.
மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு
இடது கையால் எனக்கு மாத்தே ஊற்றினாள்.

நான் புதுச் சீட்டு எழுதினேன்.
இரவு பதினைந்து மணி, இருபது வாட்: முந்நூறு.
சூரியன் வராத நாள் நான்கு: ஆயிரத்து இருநூறு.
ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் கறந்தால்
மடி வற்றிவிடும், ஆகவே இரட்டிப்பு.
ஜூன் வெயில் ஒன்றேகால் மணி.
வழியில் கசிவதையும் சேர்த்தால்
முந்நூற்றைம்பது வாட் தகடு.
விலையைச் சொன்னேன்.
அடுப்பில் விறகு மட்டும் ஏதோ பேசியது.
சங்கத்தின் கஜானா ஒரு பிஸ்கட் டப்பா,
அது திறக்காமலே மேசையில் கிடந்தது.

நடுச்சாமத்தில் அணைத்துவிடலாமா என்றேன்.
"கடல் வற்றும்போதுதான் மட்டி.
வற்றுவது நாளுக்கு நாள் முக்கால் மணி பிந்தும்.
எந்தச் சாமத்தை அணைப்பாய்?"
ஆள் நடமாட்டம் கண்டு எரியும் விளக்கு?
நோல்ஃபா சிரித்தாள்:
தீவில் ஆளுக்கு இரண்டு நாய்.
விடிய விடிய அவைதான் கொளுத்திக்கொண்டிருக்கும்.

அதுவரை தொப்பியைக் கழற்றாமல்
மூலையில் இருந்தவர் டகோபெர்த்தோ மில்யாலோங்கோ,
நோயாளிகளை மறுகரைக்குக் கொண்டுபோகும் படகுக்காரர்.
"எனக்கு வெளிச்சம் எதற்கு?
துறை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்."

அந்த ஒரு வாக்கியத்தில்
இருநூறு வாட் மிச்சம்.

சிவப்பில் ஒரு சின்ன விளக்கு, மூன்று வாட்,
இரவு முழுக்க, கடலைப் பார்த்து.
பெரியது படிகளுக்கு;
பொத்தானை அழுத்தினால் இருபது நிமிஷம்.
எல்லோருமாகச் சேர்ந்து நான்கு மணி என்று வைத்தோம்.
நாற்பத்தைந்தும் எண்பதும் நூற்று இருபத்தைந்து.
நூறு ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வாங்கினால்
பழைய தகடே போதும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்,
கடல்மேல் போடும் வெளிச்சத்துக்கு அளவு வேண்டாமா?

தகடு சாப்பாட்டு மேசை மாதிரி படுத்திருந்தது,
கடற்காகங்கள் அதை அப்படித்தான் பயன்படுத்தின.
நிமிர்த்தினேன், அறுபத்தைந்து பாகை, வடக்கே.
தாழ்ந்த வெயில் நெஞ்சில் படும்,
எச்சத்தை மழை கழுவும்,
காகம் உட்கார்ந்தால் சறுக்கும்.
ஒன்று இரண்டு தடவை முயன்றது,
என்னைத் திட்டிவிட்டுப் போனது.

அடுத்த ஜூன் நான் கரையில் இருந்தேன்.
காலைதோறும் நோல்ஃபாவிடமிருந்து ஓர் எண்:
12.5. மழை.
12.4. மழை.
12.2.
12.1, மலையே தெரியவில்லை.
ஐந்தாம் நாள் எண் வரவில்லை.
என் சீட்டில் ஐந்தாம் நாளே கிடையாது.
பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

மாலையில் வந்தது:
"பெரிய விளக்கை யாரும் தொடவில்லை.
டார்ச்சோடு இறங்கினோம்.
சிவப்பு எரிகிறது. 12.0.
மட்டி இரண்டு கூடை."