பற்றுச்சீட்டு இலக்கம் நாற்பத்தொன்று

கட்சிக்காரருக்கு ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு,
சுயேச்சைக்கு ஐயாயிரம்.
கச்சேரிக் கணக்கில்
தனித்து நிற்பவருக்கு விலை கூட.

பட்டியலில் பெண்கள் காணாதென்று
என் பெயரைச் சேர்த்தார்கள்.
எழுத்து வடிவென்று
கொப்பியையும் என்னிடமே தந்தார்கள்.

சோனகர் தெருவில்
கூரையில்லாத மூன்று வீடு தாண்டி
நிலாம்தீன் காக்காவின் பழைய இரும்புக் கடை.
தராசிலிருந்து கையெடுக்காமலே கேட்டார்:
"வெண்டால் என்ன செய்வியள், புள்ள?"
வாய்க்கால் என்றேன். தெருவிளக்கு.
"காணி?"
அது மாநகர சபையின் கையில் இல்லை.
முந்நூறு தந்தார்,
உண்மை சொன்னதற்கு என்று.

புத்தளத்திலிருந்து ஆயிரம் வந்தது, போனில்.
"வாக்கு இஞ்ச பதிஞ்சு போச்சு,
காசாவது ஊருக்குப் போகட்டும்."

ஓட்டுமடச் சந்தியில்
ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன்
உறையொன்றை நீட்டினான். இரண்டு லட்சம்.
எங்கள் எண்ணூறு வாக்கு பிரிந்து நின்றால்
யாருக்கு வாசியோ
அவருடைய காசு.
நாற்பத்தோராம் தாளில் தொகையை எழுதிவிட்டுப்
பெயரைக் கேட்டேன்.
தள்ளிப்போய் யாருக்கோ போன் எடுத்தான்.
திரும்பி வந்து
உறையை வாங்கிக்கொண்டு போனான்.

அன்றிரவு மதரசா அறையில்
ஒருவரும் என்னோடு பேசவில்லை.
நாலு பேருக்குக் கட்டுப்பணம் இல்லை.
தேத்தண்ணி மட்டும் வந்தது,
சீனி கூடிப்போய்.

மறுநாள் அச்சகம்.
இந்தக் கொப்பியை அடித்த தவயோகன் அண்ணை
துண்டறிக்கைக் கட்டை மேசையில் வைத்து,
"கூலி வேண்டாம். என்ர பங்கெண்டு வையுங்கோ.
பெயர் மட்டும் போடாதேங்கோ.
மச்சான் மற்ற லிஸ்டில நிக்கிறான்,
வீட்டுக்குள்ள கரைச்சல்."

அவர் முகத்தில் கள்ளமில்லை.
தொண்ணூறில் நாங்கள் விட்டுப்போன திறப்பை
ஆணியில் மாட்டி வைத்திருந்து
திருப்பித் தந்த வீட்டாள்.
ஆனாலும் நேற்றைய தாள்
கொப்பிக்குள் கிழிபடாமல் கிடந்தது,
பெயர் என்ற இடம் வெறுமையாய்.

என் கைப்பையிலிருந்து
பன்னீராயிரத்து நானூறை எண்ணி வைத்தேன்.
மகனின் டியூஷன் காசும் அதற்குள்.
அண்ணை எண்ணிப் பார்க்கவில்லை.
லாச்சியை இழுத்தார், போட்டார், தள்ளினார்.
"பற்றுச்சீட்டும் வேணுமாக்கும்" என்றார்.

வேணும் என்றேன்.

ஊரில் எல்லாருடைய பெயரையும்
பிழையில்லாமல் கோர்க்கிற மனிதர்
என் பெயரில் ஒரு எழுத்தைத் தவறவிட்டார்.
திருத்தச் சொல்லவில்லை.
மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு
கட்டைத் தூக்கினேன்.
அவரும் ஒரு பக்கம் பிடித்தார்,
படிவரைக்கும்.