கட்டைவிரல்

மஞ்சளில் சிவப்புக் கோடுகள்.
பார்சிலோனா ஆர்டர். ஆறாயிரம் பீஸ்.
செப்டம்பர் பதினொன்று அவர்களுக்குப் பெரிய நாளாம்,
அதற்குள் கரை சேர வேண்டும்.
ராயபுரத்து மாடி ஷெட்டில்
கலர் பிரித்து ஃபிலிம் எடுப்பது நான்.
கோடு நாலு. நான் அஞ்சு போட்டுவிட்டேன்.
சாம்பிளுக்குப் பதில் வருமுன்னே
முந்நூறு ஓட்டித் தள்ளியிருந்தார் சென்னியப்பன்.

நூரியா திட்டி எழுதவில்லை. கதை எழுதினாள்.

எங்கள் பிரபுவின் கேடயம் வெறும் மஞ்சள்.
போரில் அவனுக்கு நெஞ்சில் காயம்.
பேரரசன் வந்து அந்தக் காயத்தில் விரல் தோய்த்து
கேடயத்தின் மேல் இழுத்தான்.
விரல் நாலு. கோடு நாலு.

அதற்குக் கீழேயே:
இது நடக்கவில்லை, எனக்கும் தெரியும்.
பிரபு செத்து அறுநூறு வருஷம் கழித்து
ஒருவர் ஏட்டில் எழுதியது.
அப்புறம் ஓவியர்கள் அந்தக் காயத்துக்கு
விளக்குப் பிடித்தார்கள்.
பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏறியது.
அதன்பின் நடந்ததாகிவிட்டது.
ஆனாலும் நாலுதான். தயவுசெய்து.

நாலாக்கினேன்.

முதுகுப் பக்கம் ஒரு கழுதை.
மாட்ரிட்காரன் காரில் காளை ஒட்டுகிறான்,
அதனால் நாங்கள் கழுதை, என்றிருந்தாள்.
ஒடிசாவிலிருந்து வந்த பிரபோத்
ரப்பரை இழுத்தபடியே சிரித்தான்:
ஷெட்டுக்குக் கீழே நின்ற அத்தனை வண்டியிலும்
பின்கண்ணாடியில் காங்கேயம் காளை.
மேலே நாங்கள்
கழுதைக்குக் காது தீட்டிக்கொண்டிருந்தோம்.

டீ வந்ததும்
வேஸ்ட் துணியில் கையை இழுத்துத் துடைத்தான்.
எண்ணினேன். நாலு.
கட்டைவிரல் எப்போதும் தள்ளியே நிற்கிறது.
அப்போதுதான் விளங்கியது என் தப்பு.
ராஜாவின் கட்டைவிரலையும் பிடித்து
ரத்தத்தில் முக்கியிருக்கிறேன்.

முந்நூறும் காதர்பேட்டைக்குப் போனது,
கிலோ கணக்கில்.

சித்திரையில் கண்ணபுரம் சந்தை.
கொழுந்தன் கிடாரி பார்க்கப் போனான், நானும் போனேன்.
மயிலைக் காளை ஒன்றைப் பிடித்தபடி
மஞ்சள் பனியனில் ஒருவர்.
ராக்கியண்ணன், முத்தூர்ப் பக்கமாம்.
நெஞ்சில் என் அஞ்சு கோடு.
கேட்காமல் இருக்க முடியவில்லை.
"அதென்னங்க அஞ்சு கோடு?"

சித்தெ நேரம் கயிற்றைப் பார்த்தார்.
"அஞ்சு பங்காளிங்க.
தாது வருஷப் பஞ்சத்துல மாட்டை விக்காம
மேக்கெ ஓட்டிப்போயி காப்பாத்துனவங்க.
ஆளுக்கொரு கோடு."

"முதுகுல கழுதை?"

"கழுதையா? கன்னுக்குட்டிங்க அது."

காளை தலையை ஆட்டியது,
ஈ மொய்த்ததால்தான்.

ஆடியில் ரேக்ளாவுக்குத் தாராபுரம் ரோட்டில் ஃபிளெக்ஸ்.
மஞ்சள். அஞ்சு சிவப்பு.
கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைத்து,
திமில் ஏறியிருந்தது.
கீழே வெண்பா மாதிரி ஏதோ, தளை தட்டிக்கொண்டு,
அதில் 'ஐவர்' மட்டும் கொட்டை எழுத்தில்.
ஓரத்தில் அந்த ஐந்து பேரும் நின்றார்கள்.
அஞ்சு பேருக்கும் ஒரே மீசை,
கம்ப்யூட்டர்காரன் ஒருவனையே
அஞ்சு தடவை ஒட்டியிருந்தான்.

அங்கே அறுநூறு வருஷம்.
இங்கே சித்திரை, வைகாசி, ஆனி.

அடுத்த வாரம் ஷெட்டுக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள்.
"இருநூறு பீஸ் வேணுங்க்கா.
கோடு அஞ்சு.
ஒண்ணு கொறஞ்சாலும் ஊர்ல ஏத்துக்க மாட்டாங்க."

சொல்லியிருக்கலாம்.
நூரியாவின் மெயில் இன்னும் போனில் இருந்தது.
நான் ஸ்டூல் போட்டு ஏறி,
பீரோ மேல் சுருண்டு கிடந்த ஃபிலிமை எடுத்துத்
தூசி தட்டி
ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தேன்.

இருவரும் அருகே வந்தார்கள்.
ஒருவன் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டிருந்தான்.

"எந்தக் காலத்துதுங்க்கா?"

"ரொம்பப் பழசு" என்றேன்.