செவ்வாய்க்கிழமை வசனம்

சங்கீதத்துக்குக் குரல் போதாது என்றார்கள்.
நடனத்துக்குச் சலங்கை வாங்க ஏலாது என்று
நானே சொல்லிவிட்டேன்.
மிச்சம் கிடந்தது நாடகமும் அரங்கியலும்.
எட்டாம் ஆண்டு பி பிரிவில் பதினொரு பேர்.
மண்டபம் இல்லாததால் சைக்கிள் கொட்டகையில் பாடம்.
ஹாண்டில்களை ஒரு பக்கம் திருப்பிவைத்தால்
மேடை.
களுதாவளை மணல் செருப்புக்குள் புகுந்து
ராசாவையும் கொஞ்சம் நொண்டவைக்கும்.

முதல் தவணை முழுக்க
இல்லாத கிணற்றில் தண்ணி அள்ளினோம்.
ஊமம் என்று கொப்பியில் எழுதி
அடிக்கோடு போட்டோம்.

இன்று ரீச்சர் சொன்னா:
"ஒராள் கேட்டுக்கு வாற ஆள். ஒராள் வீட்டு ஆள்.
வீட்டு ஆள் ஒரு பொய் சொல்ல வேணும்.
வசனம் உங்கட. பத்துப் புள்ளி."

கேட்டுக்கு வந்தது கேனுஜா.
கக்கத்தில் ஒரு நீளக் கொப்பி,
தலையில் ஹெல்மெட்டாகக் கவிழ்த்த புத்தகப்பை,
டுர்ர்ர் என்று வாயாலேயே வந்து பிரேக் போட்டாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
செவ்வாய் நாலரைக்கு
அது எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது
அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு
அம்மா அறைக்குள் போய்விடுவா.
மறுகா நான்தான்.

"அம்மா இல்லையா?"
"இல்ல. கல்முனைக்குப் போயித்தாங்க."
"எப்ப வருவாங்க?"
"தெரியா."

ரீச்சர் கையைத் தட்டி நிறுத்தினா.
"புள்ள, நீ நடிக்கவே இல்லையே.
பொய் சொல்ற ஆள் கண்ணைச் சிமிட்டும், விரலைப் பிசையும்.
உன்ட முகத்தில ஒண்டும் இல்ல. திரும்ப."

திரும்ப.
கண்ணைச் சிமிட்டினேன், விரலைப் பிசைந்தேன்,
பொய்யே பழகாத யாரோ ஒருத்தியாக நடித்தேன்.
அப்போதுதான் கேனுஜா
ஒத்திகையில் இல்லாததைச் செய்தாள்.
பையைக் கழற்றினாள்.
புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.
"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தாங்க.
இன்னும் ஒன்பது வீடு கிடக்கு.
குறைஞ்சா என்ட சம்பளத்திலதான் வெட்டுவாங்க."

இதை அவள் எந்தச் சாப்பாட்டு மேசையில் கேட்டாள் என்று
நான் கேட்கவில்லை.
இல்லாத கிணற்றில்
இல்லாத வாளியை இறக்கினேன்.
முதல் தவணையில் கனக்காத கயிறு
கையை இழுத்தது.

ஏழு புள்ளி.
கதையை விட்டு விலகியது என்று சிவப்பு மையில்.

செவ்வாய். நாலரை.
அடுப்பில் சொதி கொதிக்கிறது.
கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு
எனக்கிருக்கும் ஒரே பார்வையாளர்.
கேட்டில் அவர்.
ஹெல்மெட்டுக்குள் கேனுஜாவின் மூக்கு.
"அம்மா இல்லையா?"

வாயில் வசனம் ஆயத்தம்.
கையில் செம்பு,
இது உண்மையான தண்ணி,
தளும்பிக் காலில் சிந்துகிறது.
கண் தானாகச் சிமிட்டுகிறது.
ரீச்சர் பார்த்திருந்தால்
மிச்ச மூன்றையும் தந்திருப்பா.