உலோகம் ஏதும் உண்டா

தலையில் உலோகம் ஏதும் உண்டா என்று
படிவத்தில் நான்காம் கேள்வி.
பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன்.

பதினோரு தைப்பூசம்
இடக்கன்னத்தில் புகுந்து வலக்கன்னத்தில் வெளிவந்த
வெள்ளி வேலைச் சேர்ப்பதா?
இந்த வருடம் காப்புக் கட்டவில்லை.
காப்புக் கட்டக் குளிக்க வேண்டும்,
குளிக்க எழுந்திருக்க வேண்டும்,
எழுந்திருக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

ஜேக்கப்ஸ் பட்டறையில் இருபத்திரண்டு வருடம்
கப்பல் தகடுகளுக்கு வெல்டிங் வைத்தவன்.
கண்ணுக்குள் பொறி ஏதும் தங்கியிருக்குமோ என்று
எக்ஸ்-ரே எடுத்தார்கள்.
ஒன்றும் இல்லை என்றது அறிக்கை.
அது எனக்கு முன்பே தெரியும்.

சாட்ஸ்வர்த் வீட்டுச் சமையலறையில்
மச்சான் தயாளன் என் காதுபடச் சொன்னான்:
"மண்டையில நாலு தட்டுத் தட்டினா
எல்லாம் சரியாப் போயிரும்."

தட்டத்தான் போகிறார்கள்.
நாலு அல்ல, நாளொன்றுக்கு மூவாயிரம்,
முப்பத்தாறு நாள்.
காப்பீட்டுக்காரன் கைவிரித்துவிட்டான்.
தனபாக்கியம் வளையல்களை விற்றாள்.

முதல் நாள் நொம்புலெலோ
எட்டு வடிவக் காந்தச்சுருளை
தலையின் இடப்பக்கம் பொருத்திவிட்டு
கட்டைவிரலைப் பாருங்கள் என்றாள்.
டக்.
ஒன்றுமில்லை.
கொஞ்சம் கூட்டினாள்.
டக்.
வலக்கைக் கட்டைவிரல் துள்ளியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை அதனிடம்.
எட்டு மாதமாக
ஒரு தேநீர்க் கோப்பைக்கு நீளாத கை,
நடுவில் நான் இல்லாவிட்டால்
நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பிறகு சுருளை நெற்றிப்பக்கமாக நகர்த்தி
நான்கு நொடி தட்டல்,
இருபத்தாறு நொடி மௌனம்.
மரங்கொத்தி மாதிரி இல்லை? என்று கேட்டாள்.
எனக்கு அது கசடு உடைக்கும் சுத்தி.
வெல்டு ஆறியபின் மேலே படிந்த கருப்பை
உடைத்தால்தான் தெரியும்,
கீழே இரும்பு இரும்பைப் பிடித்திருக்கிறதா என்று.

புருவம் துடிக்கும். பல்லின் வேர் கூசும்.
ஜன்னலில் உம்ஷ்லாங்கா கடல்,
வெறும் தண்ணீர்.

ஒன்பதாம் நாள். பத்தாம் நாள்.
எப்படி இருக்கிறது என்று காரில் கேட்பதை
பதின்மூன்றாம் நாள் தனபாக்கியம் நிறுத்திவிட்டாள்.

பதினேழாம் நாள்
தட்டலின் நடுவே மின்வெட்டு.
விளக்கு போனது, காந்தம் போனது,
ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.
கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள்.
பத்து நிமிடம். இருபது.

"நாலு மணிக்கு என்று போட்டுவிட்டு
மூன்றுக்கே பிடுங்குகிறானே, இது என்ன நாடு?
அந்த ஜெனரேட்டரைக் காட்டுங்கள்,
டீசல் வடிகட்டி அடைத்திருக்கும்,
பத்து வருடமாகத் திறந்திருக்க மாட்டீர்கள்!"

சுவரில் பட்டு அது திரும்பியபோது
யார் கத்துவது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

நொம்புலெலோ கைப்பேசி வெளிச்சத்தில்
கோப்பில் எதையோ எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன்:
நோயாளி கோபப்பட்டார்.
அடியில் இரண்டு கோடு.

அரைத் தட்டலுக்கு முழுப் பணமா என்று
வரவேற்பு மேசையில் வாதாடிக்கொண்டிருந்தபோது
தனபாக்கியம் வந்து முழங்கையைப் பிடித்தாள்.
எல்லாரும் பார்க்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்றாள்.
வளையல் இல்லாத அந்தக் கை
கார் வரைக்கும் விடவில்லை.