கொம்பு கழன்ற வண்டி

கவுனஸ் நகரில் டிராலிபஸ் ஓட்டுகிறாள் ஜிவிலே.
வண்டியின் தலையில் இரண்டு கொம்பு,
அவற்றுக்கு மேலே இரண்டு மின்கம்பி.
கம்பியைக் கொம்பு விட்டுவிட்டால்
எவ்வளவு பெரிய வண்டியும் நடுத்தெருவில்
பூட்டிய பெட்டிக்கடை மாதிரி நின்றுபோகும்.

பதினொரு நாளுக்கு முன்
சந்தை நிறுத்தத்தில் கதவைச் சாத்தினாள்.
ஒரு கிழவரின் கோட்டுக் கை இடுக்கில் மாட்டியது.
இரண்டு எட்டு இழுபட்டு
பனியில் முழங்கால் ஊன்றி விழுந்தார்.
பெரிதாக ஒன்றுமில்லை.
தட்டிக்கொண்டு எழுந்தார், தொப்பியைத் தேடினார்,
"கிழங்கு நசுங்கவில்லை" என்று
பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.
விசாரணை. கையெழுத்து. ஒருநாள் சம்பளம் பிடித்தம்.
அதோடு ஊரே அந்தக் கதவை மறந்துவிட்டது.

அவள் மறக்கவில்லை.
பல் துலக்கும்போது: கண்ணை எங்கே வைத்திருந்தாய்?
சூப்பில் உப்பு கூடினால்: இதற்கும் லாயக்கில்லை.
விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பி
அதே கதவை மறுபடி மறுபடி
சாத்திக் காட்டுகிறது ஒரு குரல்.
மேலதிகாரியின் குரல் இல்லை,
விட்டுப்போன கணவனுடையதும் இல்லை.
தொண்டை அவளுடையதேதான்.

இதே ஜிவிலேதான்
மைக்கில் சொல்வாள்:
"மெதுவா ஏறுங்க, வண்டி உங்களை விட்டுட்டுப் போகாது."
கடைசி இருக்கையில் குடித்துத் தூங்குகிறவனைத்
தோள் தொட்டு எழுப்புவாள்,
மஃப்ளரைச் சுற்றிவிட்டு இறக்குவாள்.
பிறத்தியாருக்குப் பஞ்சு,
தனக்கு மட்டும் உப்புத்தாள்.

அவள் மொழியில் எப்படியோ தெரியாது.
நம் மொழியில் பொறுப்பு என்று எழுதத் தொடங்கினால்
முதலில் வருவது 'பொறு'.
அவளோ பின்பாதியை மட்டும்
பதினொரு நாளாகச் சுமக்கிறாள்.

பன்னிரண்டாம் நாள் இரவு, வயர்லெஸ்ஸில்
எட்வினாஸ். வேலைக்கு வந்து மூன்றே வாரம்.
பாலத்து வளைவில் இரண்டு கொம்பும் கழன்று
பின்னால் கார்கள் கத்திக்கொண்டிருக்கின்றன.
"எனக்கு இந்த வேலை வராது, நான் ஒரு..."
சொல்லை முடிக்கவிடவில்லை அவள்.
"எல்லாருக்கும் கழலும்.
கையுறை போடு. இறங்கு.
பின்னாடி கயிறு தொங்கும், இழு.
ஒவ்வொண்ணா வை, அவசரமில்லை.
ஹாரன் அடிக்கிறவன் அடிச்சுக்கட்டும்."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு, மூக்கை உறிஞ்சியபடி: "ஏறிடுச்சு."

நள்ளிரவு, பணிமனை.
வண்டியை நிறுத்திய பின்னும் அவள் இறங்கவில்லை.
ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.
மைக்கைத் திருகினாள்.
முப்பத்தெட்டுக் காலி இருக்கைகளிடம் சொன்னாள்:
"எல்லாருக்கும் கழலும்."
பின்பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து
கரகரத்துத் திரும்பி வந்தது அது.
இந்தக் குரலை இத்தனை வருடம்
பயணிகள் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

எழுந்து போய் மூன்றாவது வரிசையில்,
கால் சூடேறும் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.
பிளாஸ்கின் மூடியில் தேநீர்.
குளிரில் வெடித்த விரல் முட்டிகளைப் பார்த்தாள்,
எத்தனை நாள் புண் என்று யோசித்தாள்.
வண்டியின் முதலுதவிப் பெட்டியில் களிம்பு இருந்தது.
பயணிகளுக்கு மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மூன்று மணிக்கு அந்தக் குரல் வராமல் இல்லை.
வந்தது.
விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள்.
"ஆமாம், சாத்தினேன்.
பார்த்திருக்கணும், பார்க்கலை.
நாளைக்குக் கண்ணாடியை ரெண்டு தடவை பார்ப்பேன்.
இப்போ தூங்கணும்,
அஞ்சேகாலுக்கு ஷிஃப்ட்."
அது இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.
அவள் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.
ஒரு கால் மட்டும்
வெகுநேரம் சூடேறவில்லை.